வானத்திலிருந்து பார்த்தால் காடு எது?



"காடு" என்னும் சொல்லைத் தளி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஜவளகிரி வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் அதை ஜன்னலிலேயே பார்த்துவிடுகிறார்கள். ராகி முற்றும் காலத்தில் இரவெல்லாம் பரண்மேல் காவல் இருந்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் தகப்பனார் உள்ள வீடுகளில் காடு என்பது பாடப் புத்தகத்துச் சொல் அன்று. ஆயினும் கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கத்து உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் "காட்டு வேலைக்குப் போகிறோம்" என்றால் சோளமும் கடலையும் விளையும் மானாவாரி நிலத்துக்குப் போகிறோம் என்று பொருள். நம் வகுப்பிலுள்ள தெலுங்குப் பிள்ளைகள் "அடவி" என்பர். கன்னடப் பிள்ளைகள் நம்மைப் போலவே "காடு" என்பர். ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறுவதைப் போல, விஞ்ஞானத்திலும் காடு என்னும் சொல்லுக்கு அளப்பவருக்கு ஏற்பப் பொருள் மாறுகிறது. உலகத்துக் காடுகளையெல்லாம் செயற்கைக்கோள் கொண்டு அளக்கும் இக்காலத்தில், இச்சிறு வேற்றுமையால் லட்சக்கணக்கான ஏக்கர் கூடவும் குறையவும் செய்கிறது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

முதலில், 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கருவி மரத்தை எவ்வாறு அடையாளம் கண்டுகொள்கிறது?

இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் உணவு தயாரிப்பதற்கு எடுத்துக்கொண்டு, பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதே அதற்குக் காரணம். நம் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஒளியும் உண்டு. அது அகச்சிவப்பு ஒளி. அதிலும் சிவப்புக்கு மிக நெருங்கிய பகுதியை இலை பெரும்பாலும் உள்ளே வாங்குவதில்லை. இலையினுள் அடுக்கடுக்காக அமைந்த செல்கள் அதைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடுகின்றன. ஆகவே நலமான இலை, சிவப்பில் இருண்டும் அண்மை அகச்சிவப்பில் பளிச்சென்றும் இருக்கும். வெறும் மண் இவ்விரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்.

இதை ஒரு சிறு கணக்காகச் செய்யலாம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அடர்ந்த மரக்கூட்டம் நூற்றுக்கு 5 பங்கு சிவப்பையும் 45 பங்கு அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். 40-ஐ 50-ஆல் வகுத்தால் 0.8. உழுது போட்ட நிலம் 25 பங்கு சிவப்பையும் 30 பங்கு அகச்சிவப்பையும் அனுப்பினால் 5-ஐ 55-ஆல் வகுக்க, 0.1-க்கும் குறைவு. இவ்வளவுதான் சூத்திரம், எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கே. இவ்வகைப் படங்களை அச்சிடும்போது அகச்சிவப்புக்குச் சிவப்பு வண்ணத்தைக் கொடுப்பது வழக்கம். அதனால் காடு படத்தில் இரத்தச் சிவப்பாகத் தெரியும். பொய்வண்ணப் படம் என்று இதற்குப் பெயர்.

இதற்கான கருவியை முதன்முதலில் வானில் நிலைபெறச் செய்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் பள்ளி மலரில் சற்று நின்று சொல்ல வேண்டும். வர்ஜீனியா நார்வுட் 1927-இல் பிறந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவிகள் மிக அரிதாக இருந்த நாளில் கணிதம் பயின்று 1947-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஹியூஸ் விமானக் கம்பெனியில் பணியாற்றுகையில், ஆடும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு தரையைக் கோடு கோடாகப் பெருக்கிப் பார்க்கும் கருவியை வடிவமைத்தார். கண்ணாடி விநாடிக்குச் சுமார் 13 தடவை ஆடும். அப்படி ஆடும் பொருளை விண்கலத்தில் வைக்கலாமா என்று பலர் ஐயுற்றனர். 1972 ஜூலை 23-இல் ஏவப்பட்ட லாண்ட்சாட்-1 செயற்கைக்கோளில் இக்கருவி இரண்டாம் இடத்துக் கருவியாகவே சென்றது. முதன்மை இடம் தொலைக்காட்சிக் காமிராக்களுக்கு. ஏவிய சில வாரங்களுக்குள் அக்காமிராக்கள் மின்கோளாற்றால் நிறுத்தப்பட்டன. நார்வுட் அம்மையாரின் கருவியோ ஆண்டுக்கணக்கில் உழைத்தது. 185 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் படம் பிடித்தது. பெங்களூர், ஓசூர், தளி, கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும் அகலம் அது. அம்மையார் 2023-இல், தமது 96-ஆம் வயதில் காலமானார்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. 1970-இலேயே பிஷாரடி என்னும் விஞ்ஞானி கேரளத்துத் தென்னந்தோப்புகளின்மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் பிலிமில் படம் எடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களை நிற வேற்றுமையால் பிரித்தறியச் செய்தார். 1974-இல் ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு நிறுவனம் தோன்றியது. 1988 மார்ச் 17-இல் நமது சொந்தத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ ருஷ்ய ராக்கெட்டில் ஏறி 904 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தது. அது உருவானது நம்மிடமிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலுள்ள பெங்களூரில்.

இனிச் சிக்கலுக்கு வருவோம்.

1980-களின் தொடக்கம் வரை, இந்தியாவின் காட்டுப் பரப்பு என்றால் வனத்துறைப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருக்கும் நிலத்தின் பரப்பே. அது நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 23 என்ற அளவில் சொல்லப்பட்டு வந்தது. பதிவேட்டில் காடு என்று இருந்தால், அங்கே ஒரு மரமும் இல்லாவிட்டாலும் காடுதான். 1984-இல் தேசியத் தொலையுணர்வு நிறுவனம் லாண்ட்சாட் படங்களை வைத்து ஒரு கணக்கை வெளியிட்டது. 1972-75 காலத்தில் நூற்றுக்கு 16.89 பங்காக இருந்த காடு, 1980-82 காலத்தில் 14.10 பங்காகிவிட்டது என்றது அக்கணக்கு. நாடே திடுக்கிட்டது. டேராடூனில் 1981-இல் நிறுவப்பட்டிருந்த இந்திய வன அளவீட்டுத் துறை அதே வகைப் படங்களைத் தானும் பார்த்தது. வேறு விடை கண்டது. பின்னர் இரு நிறுவனத்தாரும் கூடி ஆராய்ந்து 19.5-ஐ ஒட்டி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். 1987-இல் வெளியான முதல் வன நிலை அறிக்கையில் காட்டுப் பரப்பு 6,40,819 சதுர கிலோமீட்டர் என்று அச்சாயிற்று.

ஒரே வானம், ஒரே கருவி, விடை மட்டும் 14-ஆ, 19-ஆ என்று எப்படி மாறும்? பொய்க் கணக்கு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. மீன்காரரின் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். கண் பெரிதானால் சிறுமீன் தங்காது. அக்காலத்துப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 80 மீட்டருக்கு 80 மீட்டர். அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அந்த ஒன்றரை ஏக்கரில் பாதி மரம், பாதி பாறை என்றாலும் கருவிக்கு ஒரே எண்தான் கிடைக்கும். அதைக் காடு என்பதா, வெளி என்பதா என்று மனிதர்தான் முடிவு செய்யவேண்டும். அன்றைய வரைபடமோ பத்து லட்சத்துக்கு ஒன்று என்னும் அளவில், ஒருவர் கண்ணால் பார்த்துக் கையால் கோடு இழுத்துச் செய்தது. 400 ஹெக்டேருக்குக் குறைந்த காடு அதில் இடம்பெறவில்லை. 400 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். வரைபடத்தில் 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர். கூர் மழுங்கிய பென்சில் முனை அளவு! அதற்கும் சிறிய எத்தனையோ தோப்புகளும் ஓடைக்கரைக் காடுகளும் அன்றைய படத்தில் இல்லாமலே போயின.

பிறகு வலைக்கண் சுருங்கிக்கொண்டே வந்தது. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட நமது ஐ.ஆர்.எஸ்.-1சி செயற்கைக்கோளின் ஒரு கருவியில் படப்புள்ளி 23.5 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் பதினான்கு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று வீட்டுமனை. 2001-ஆம் ஆண்டு அறிக்கை முதல் நாடு முழுவதற்கும் கணிப்பொறி வழியே கணக்கெடுத்து, ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் வரை குறிக்கத் தொடங்கினர். 1987-இன் எண்ணையும் 2021-இன் 7,13,789 சதுர கிலோமீட்டர் என்னும் எண்ணையும் அருகருகே வைத்துக் கழித்து, "காடு இவ்வளவு வளர்ந்துவிட்டது" என்று பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறவர்கள் உண்டு. வளர்ந்தது காடா, வலையில் புதிதாகச் சிக்கியதா என்று பிரித்துப் பார்க்காமல் அப்படிக் கழிக்கலாகாது.

வலைக்கண்ணைவிட நம் பக்கத்தில் அதிகம் குழப்புவது பருவம். நம் மலைக்காடு மழைக்காடு அன்று. மூங்கில், உசில், ஆச்சா, சந்தனம் என்று வறட்சிக்கு ஈடுகொடுக்கும் மரங்கள் நிறைந்தது. மாசி, பங்குனியில் இவற்றில் பெரும்பாலானவை இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். ஏப்ரல் மாதத்துப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் மலைக்காடு தரிசாகவும், பக்கத்திலுள்ள தைலமரத் தோப்பு அடர்ந்த காடாகவும் விடை வரும். தைலமரம் இலை உதிர்ப்பதில்லை அல்லவா? சரி, மழைக்காலத்துப் படத்தை எடுப்போம் என்றால் மேகம் மறைக்கிறது. மேகம் விலகிய இடத்தில் ராகிக் கொல்லையும் காட்டைப் போலவே பளபளக்கிறது. ஆகையால் நம் வன அளவீட்டுத் துறையினர் பொதுவாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களைத் தெரிந்தெடுக்கிறார்கள். மழை விட்டு வானம் தெளிந்து, மரங்களில் இலை இன்னும் நிற்கும் மாதங்கள் அவை. பயிரையும் காட்டையும் பிரிக்க, அறுவடைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களை ஒப்பிட வேண்டும். ராகி அறுத்ததும் கொல்லையின் எண் விழுந்துவிடும். காட்டின் எண் அவ்வளவு விரைவில் விழாது. பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கும் நம் ஊர்த் தோட்டங்களோ எம்மாதத்திலும் வெள்ளைக் கட்டங்களாகவே தெரியும். உள்ளே ஆயிரம் பூ இருந்தாலும் வானத்துக்கு அது பிளாஸ்டிக்.

அடுத்தது இலக்கணம். இந்திய வன அளவீட்டுத் துறையின் விதிப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது நூற்றில் பத்துப் பங்கேனும் மரத்தழை மூடியிருந்தால் அது வனப்போர்வை. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்னும் கேள்வியே இல்லை. நூறு கட்டம் உள்ள வரைபடத்தாளில் பத்துக் கட்டத்துக்கு நிழல் தீட்டிப் பாருங்கள். எவ்வளவு வெட்டவெளி மிஞ்சுகிறது என்பது புரியும். 70 பங்குக்கு மேல் மூடியிருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, 10 முதல் 40 வரை திறந்த காடு என்று வகைப்படுத்துகிறார்கள். இவ்விதிப்படி கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாந்தோப்பும் வனப்போர்வையே. ஒட்டு மாஞ்செடி வாங்கி நட்ட விவசாயியிடம் "உங்கள் காடு நன்றாக இருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் டேராடூன் வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. ரோமாபுரியில் தலைமையகம் கொண்ட ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமோ வேறு விதி வைத்திருக்கிறது. அரை ஹெக்டேர் போதும், மரம் 5 மீட்டர் உயரம் வளரக்கூடியதாக இருக்க வேண்டும், பழத்தோட்டமும் எண்ணெய்ப்பனைத் தோட்டமும் சேராது. அந்நிறுவனம் 2020-இல் உலகக் காடுகள் 406 கோடி ஹெக்டேர், உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 31 பங்கு என்று கணக்கிட்டது. ஆக, ஒரே மாந்தோப்பு டேராடூனில் காடு, ரோமில் தோட்டம்.

மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட லாண்ட்சாட் படங்களைக் கணிப்பொறிகளில் இட்டு, உலகம் முழுவதையும் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து வரைபடம் வெளியிட்டனர். 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்பரப்பு அழிந்தது, 8 லட்சம் சதுர கிலோமீட்டர் புதிதாக வந்தது என்று கண்டனர். லாண்ட்சாட் படங்களை 2008 முதல் இலவசமாக வழங்கியதாலேயே இது கைகூடிற்று. இக்கணக்கில் தைலத்தோப்பை வெட்டி விற்றாலும் அழிவுதான். நூறாண்டுக் காட்டை வெட்டினாலும் அழிவுதான். பிரேசில் நாட்டவர் இதைக் கருதியே 1988 முதல் அமேசானின் ஆதிக்காடு எங்கெங்கே வெட்டப்படுகிறது என்பதைத் தனியாக ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகின்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய லௌதாத்தோ சீ சுற்றுமடலில் உலகின் நுரையீரல் என்று அமேசானையும் காங்கோவையும் குறிப்பிட்டது, மரம் இருக்கும் எந்த இடத்தையும் கருதி அன்று, உயிர்கள் எண்ணிறந்த வகையாய்ப் பெருகி வாழும் அவ்விடங்களைக் கருதி என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு எண்களில் இவ்வேற்றுமை தெளிவாகத் தெரிகிறது. வனத்துறைப் பதிவேட்டின்படி நம் மாநிலத்தில் காடு சுமார் 23,000 சதுர கிலோமீட்டர். வானத்திலிருந்து பார்த்த வனப்போர்வையோ 2021 அறிக்கையின்படி 26,419. பதிவான காட்டில் எல்லா இடமும் மரம் மூடியிருக்கவில்லை என்பதை நாம் அறிவோம். இருந்தும் மொத்தம் கூடுகிறது என்றால் தோப்பும் துரவும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதே பொருள். அதற்கு முந்தைய 2019 அறிக்கையைவிட இது 55 சதுர கிலோமீட்டர் அதிகம். மகிழ்ச்சியே. ஆனால் ஓரிடத்தில் பழைய காடு கரைந்து, வேறோரிடத்தில் அதே அளவு தோப்பு வளர்ந்தால் இந்த ஒற்றை எண் அசையாது. மழைநீரை நிறுத்துவதிலும் நிழல் தருவதிலும் தோப்புக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. யானைக்கு அது வீடாகாது.

யானையைச் சொன்னது வீண் பேச்சன்று. பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரிக்கும், அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் ஆண்டுதோறும் ராகிக் காலத்தில் யானைக் கூட்டங்கள் வருகின்றன. கர்நாடகம் எது, தமிழ்நாடு எது என்னும் கோடு யானைக்கும் தெரியாது, செயற்கைக்கோளுக்கும் தெரியாது. நம் மாவட்ட வரைபடத்தில் காடு எல்லையோடு வெட்டுண்டு நிற்கும். வானத்துப் படத்தில் அது பன்னர்கட்டாவிலிருந்து காவிரிக்கரை வரை தொடர்ந்து சிவக்கும். நடுவே எங்கெங்கே அச்சிவப்பு இடுப்பைப்போல் ஒடுங்குகிறது, எங்கே கல்குவாரியின் வெள்ளையும் மனைப்பிரிவுகளின் சாம்பலும் இருபக்கமும் நெருக்குகின்றன என்பதைச் சதவிகிதம் சொல்லாது, படம் சொல்லும். அகன்ற காட்டின் நடுவே நூறு ஏக்கர் போனால் எண்ணிலும் சிறு குறைவு, யானைக்கும் சிறு குறைவு. ஒடுங்கிய இடுப்பில் அதே நூறு ஏக்கர் போனால் எண்ணில் அதே சிறு குறைவுதான். ஆனால் வழி அடைபட்டுக் கூட்டம் ஊருக்குள் திரும்பும். பரண்மேல் காத்திருப்பவர் நம் வீட்டு மனிதர். யானையும் மாள்கிறது, மனிதரும் மாள்கிறார். நம் பக்கத்தில் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. பின்னது வடக்குச் சரணாலயத்தைக் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு இணைப்பது. பரப்பைக் கூட்டியதைக் காட்டிலும் தொடர்ச்சியைக் காத்ததே அதன் பெருமை என்பது நம் கருத்து.

இவ்வளவு பார்த்தும் செயற்கைக்கோளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தழைக்கூரைக்குக் கீழே நடப்பது அதற்கு மறைவு. உண்ணிச்செடி காட்டுத் தரையை அடைத்துக்கொண்டு, புல்லையும் மரக்கன்றுகளையும் எழவிடாமல் செய்திருந்தாலும் மேலிருந்து காடு பச்சையாகவே தெரியும். அதனால்தான் வன அளவீட்டாளர்கள் இன்றும் நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகக் காட்டுக்குள் நடக்கிறார்கள். தெரிந்தெடுத்த இடங்களில் 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், மரத்தின் பருமனை அளந்து, பெயர் எழுதி, வானத்துப் படத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். காலால் நடந்து சரிபார்க்காத வரைபடத்துக்கு மதிப்பில்லை. மேகத்தையும் இருளையும் ஊடுருவும் ராடார் இப்போது இவ்வேலைக்குத் துணை வந்திருக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நைசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. அதன் இரு ராடார்களில் நீண்ட அலை கொண்டது தழையைக் கடந்து கிளை, அடிமரம் வரை சென்று திரும்பும். மரம் எவ்வளவு கனம் என்று கணக்கிட அது உதவும். அதற்கும் ஓரிடத்திலேனும் மரத்தை நேரில் அளந்த எண் வேண்டும்.

பள்ளிக் கணிப்பொறி அறையில் இஸ்ரோவின் புவன் வரைபடத்தைத் திறந்து தளியைக் கண்டுபிடியுங்கள். முதலில் ஏரியும், பிறகு ஜவளகிரிச் சாலையும் அகப்படும். வீட்டுக்கு அருகில் பச்சையாகத் தெரியும் ஐந்து இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, விடுமுறையில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சாலையில் நின்றபடியே அவற்றைப் பாருங்கள். காட்டுக்குள் போக வேண்டாம். மாந்தோப்பா, தைலத்தோப்பா, புளியமரச் சாலையா, காடா என்று எதிரே எழுதுங்கள். பங்குனியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை அதே ஐந்து இடத்தையும் பார்த்து, இலை இருந்ததா என்பதையும் குறியுங்கள். ஐந்து பேர் எழுதிய தாள்களை ஒன்றாக வைத்தால் இருபத்தைந்து இடம் ஆகிவிடும். பத்தாம் வகுப்புப் புவியியல் ஆசிரியையிடம் கொடுத்தால் பெரிய வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.